நாதா: 23 வயதில் ஒரு நாவல், பிறகு நீண்ட மௌனம் – கார்மென் லாஃபொரெட்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் இரண்டு தடவை சொன்னதை ஒரு தடவையாக்கி, படிக்க வசதியாகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்.)

ஸ்பானிஷ் இலக்கியம்னு ஆரம்பிச்சு மார்க்கேஸ், யோசா, கொர்த்தஸார்னு வரிசையா பேசிட்டு வந்தோம். "ஏங்க, அந்த மொழியில பொண்ணுங்க யாரும் எழுதலையா?"ன்னு ஒரு நேயர் கேட்டிருந்தாங்க. நியாயமான கேள்வி. அதனால இன்னைக்கு லத்தீன் அமெரிக்காவை விட்டுட்டு ஸ்பெயினுக்கே போறோம். பேசப்போறது கார்மென் லாஃபொரெட் பற்றி.

முதல்ல அவரோட நாவலின் பெயர். ஆங்கில எழுத்துகளில் பார்த்தால் "நாடா"ன்னு படிப்போம், நமக்குப் பாவாடை நாடாதான் ஞாபகம் வரும். ஸ்பானிஷ் உச்சரிப்பு கிட்டத்தட்ட "நாதா". பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகி கூப்பிடுவாங்களே, ஏறக்குறைய அப்படி. அர்த்தம்: ஒன்றுமில்லை.

23 வயசுல ஒரு பெண் எழுதின முதல் நாவல் இது. நாடே கொண்டாடியது. அதுக்கப்புறம் அவர் மூணு நாவல்தான் வெளியிட்டார். கடைசி நாவல் வந்தது 1963-ல். அவர் இறந்தது 2004-ல். நடுவில் 41 ஆண்டுகள். ஸ்பெயினில் அவரைப் பற்றிப் பேசினாலே "அவர் ஏன் எழுதுவதை நிறுத்தினார்?" என்ற கேள்வி வந்துவிடும். "சரக்கு தீர்ந்துபோச்சு" என்கிற சுலபமான பதிலும் கூடவே வரும். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அரிபாவ் தெரு வீடு

லாஃபொரெட் 1921 செப்டம்பர் 6-ம் தேதி பார்சிலோனாவில் பிறந்தார். அப்பா கட்டடக் கலைஞர். குழந்தைக்கு இரண்டு வயது ஆவதற்குள் குடும்பம் கனாரி தீவுகளுக்குக் குடிபெயர்ந்தது. ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பானியத் தீவுகள் அவை. லாஸ் பால்மாஸ் நகரம், கடல், வெயில் என்று வளர்ந்தார். 1934-ல் அம்மா இறந்துபோனார். அப்பா மறுமணம் செய்துகொண்டார். சித்தியோடு ஒத்துப்போகவில்லை.

1936-ல் ஸ்பெயினில் ராணுவக் கலகம் வெடித்து, அது உள்நாட்டுப் போராக மாறியது. மூன்று ஆண்டுகள் நடந்த போர். 1939 ஏப்ரலில் ஜெனரல் ஃபிராங்கோ வென்றார். அடுத்த 36 ஆண்டுகள், 1975-ல் சாகும் வரை, அவருடைய ஆட்சிதான்.

போர் முடிந்த அதே 1939-ல், 18 வயது கார்மென் தனியாகக் கிளம்பிப் பார்சிலோனாவுக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தங்கியது அரிபாவ் தெருவில் தாத்தா பாட்டி வீட்டில். தோற்ற தரப்பில் இருந்த நகரம் அது. கேட்டலன் மொழிக்குப் பள்ளியிலும் அலுவலகத்திலும் தடை. சாப்பாட்டுக்கு ரேஷன். அந்த ரேஷன் முறை 1952 வரைக்கும் நீடித்தது.

மூன்று வருடம் கழித்து 1942-ல் அவர் மாட்ரிட்டுக்குப் போனார். தத்துவமும் இலக்கியமும் படிக்க ஆரம்பித்தார், பிறகு சட்டம் படித்தார், இரண்டையும் முடிக்கவில்லை. 1944-ல், சில மாதங்களுக்குள், "நாதா"வை எழுதி முடித்தார்.

நாவலில் என்ன நடக்கிறது

சொல்லப்போனால் கதை ரொம்பச் சின்னது. ஆந்திரேயா என்ற 18 வயதுப் பெண், பெற்றோர் இல்லாதவள், படிப்பதற்காகப் பார்சிலோனாவுக்கு வருகிறாள். நடுராத்திரி ரயிலில் வந்து இறங்குகிறாள். அரிபாவ் தெருவில் பாட்டி வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். சின்ன வயதில் பார்த்த வசதியான வீடு இப்போது பாதியாகச் சுருங்கியிருக்கிறது. தூசி, அழுக்கு, இடமே இல்லாமல் அடைத்துவைத்த பழைய சாமான்கள்.

அந்த வீட்டில் இருப்பவர்களைப் பாருங்கள். எல்லோருக்கும் நல்லது செய்ய நினைத்து யாருக்கும் உதவ முடியாத பாட்டி. ஒழுக்கம் ஒழுக்கம் என்று ஆந்திரேயாவின் கழுத்தைப் பிடிக்கும் அத்தை அங்குஸ்தியாஸ். பெயருக்கே "வேதனைகள்" என்று அர்த்தம். ஓவியம் விற்காத மாமா ஹுவான், கோபம் வந்தால் மனைவி குளோரியாவை அடிப்பவன். மாடியில் தனி அறையில் வயலின் வாசிக்கும் இன்னொரு மாமா ரோமான், திறமைசாலி, மற்றவர்களின் மனசோடு விளையாடுவதில் ருசி கண்டவன். ராத்திரியில் குளோரியா எங்கேயோ போகிறாள் என்று வீடே சந்தேகப்படுகிறது. அவள் போவது சீட்டு விளையாடி வீட்டுச் செலவுக்குக் காசு கொண்டுவர.

எனக்கு இந்த நாவலில் மறக்கவே முடியாதது பசி. ஆந்திரேயாவுக்கு மாதாமாதம் ஒரு சின்ன உதவித்தொகை வருகிறது. அது வந்த கையோடு செலவாகிவிடும். சாப்பாட்டுக்கு இல்லை. தோழி ஏனாவின் அம்மாவுக்கு ரோஜாப்பூ வாங்குவாள். மாதக் கடைசியில் சமையலறைக்குள் போய், காய்கறி வேகவைத்த தண்ணீரை யாருக்கும் தெரியாமல் குடிப்பாள். முதல் மாசச் சம்பளத்தில் நண்பர்களுக்கு ட்ரீட் வைத்துவிட்டு இருபதாம் தேதிக்கு மேல் பிஸ்கட்டிலேயே ஓட்டியவர்களுக்கு இந்தப் பெண்ணின் கணக்கு நன்றாகப் புரியும். வசதியான தோழியின் முன்னால் ஏழையாகத் தெரியக்கூடாது என்கிற ரோஷம் அது.

இன்னொரு காட்சி. ஏனா அவளுக்கு நிறைய செய்கிறாள், பதிலுக்குக் கொடுக்க ஆந்திரேயாவிடம் எதுவுமே இல்லை. பெட்டியில் பாட்டி கொடுத்த ஒரு சரிகைக் கைக்குட்டை இருக்கிறது. அதை எடுத்துப்போய் ஏனாவுக்குக் கொடுக்கிறாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டில் கைக்குட்டையைக் காணோம் என்று தெரிந்ததும், குளோரியா திருடிவிட்டாள் என்று அங்குஸ்தியாஸ் சத்தம் போடுகிறாள். தன் பொருளைத் தன் தோழிக்குக் கொடுக்கும் உரிமைகூட இல்லாத இடத்தில் தான் இருக்கிறோம் என்பது அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் உறைக்கிறது.

முடிவைச் சொல்லப்போவதில்லை. ஒரு வருடம் கழித்து அவள் அந்த வீட்டை விட்டுக் கிளம்புகிறாள் என்பது வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் எங்கே போனது?

1939-ல் நடக்கும் கதை, போர் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கின்றன. ஆனால் நாவலில் போரைப் பற்றி நேரடியாக வரும் பக்கங்கள் மிகக் குறைவு. யார் சரி, யார் தப்பு என்று ஆந்திரேயா ஒரு இடத்திலும் பேசுவதில்லை. ரோமான் சிறையில் சித்திரவதை அனுபவித்தவன் என்பது பேச்சுவாக்கில் வருகிறது. அண்ணன் தம்பிக்குள் அப்போது ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிகிறது. அவ்வளவுதான்.

என் வேலையை வைத்து இப்படிச் சொல்லலாம். சர்வர் நேற்று ராத்திரி விழுந்துவிட்டது. விழுந்த நொடியை யாரும் பார்க்கவில்லை. காலையில் நம் கையில் இருப்பது லாக் மட்டும்தான். எந்தெந்த இடத்தில் பிழை வருகிறது, எது மெதுவாக ஓடுகிறது, எது பதிலே சொல்லவில்லை என்று பார்த்து, என்ன நடந்திருக்கும் என்று நாம்தான் கட்டிப் பார்க்க வேண்டும். "நாதா" எனக்கு அப்படிப்பட்ட லாக். சாப்பாட்டு மேசையில் கத்துகிறார்கள், வேகவைத்த தண்ணீரை ஒருத்தி குடிக்கிறாள், ஒரு ஆள் மனைவியை அடிக்கிறான், பாட்டி தன் பங்கு ரொட்டியை மற்றவர்களுக்கு ஒளித்துவைக்கிறாள். நாடு என்ன ஆனது என்பதை இதிலிருந்தே வாசகர் கட்டிக்கொள்ளலாம்.

இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. ஃபிராங்கோ ஆட்சியில் எந்தப் புத்தகமும் தணிக்கை அலுவலகத்தைத் தாண்டித்தான் அச்சுக்குப் போக முடியும். வென்றவர்கள் தங்கள் வெற்றியைப் பற்றிப் பெருமையான கதைகளை எதிர்பார்த்த காலம். கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணின் குடும்பக் கதை என்ற தோற்றத்தில், போருக்குப் பின் ஒரு வீட்டுக்குள் எவ்வளவு அழுகிப்போயிருக்கிறது என்பதை இந்த நாவல் சொல்லிவிட்டது. மறைக்க வேண்டும் என்று திட்டமிட்டு எழுதினாரா, 22 வயதில் கண்ணில் பட்டதை மட்டும் எழுதினாரா என்று விவாதிக்கலாம். எப்படியிருந்தாலும், சொல்லாமல் விட்டதுதான் நாவலைத் தூக்கி நிறுத்துகிறது.

1945 ஜனவரி 6

பார்சிலோனாவில் இருந்து வந்துகொண்டிருந்த "தெஸ்தினோ" பத்திரிகை, இளம் வயதிலேயே இறந்துபோன தன் ஆசிரியர் எவுஹேனியோ நதால் நினைவாக ஒரு நாவல் விருது ஆரம்பித்தது. ரஃபேல் நதாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, மெயில் போடாதீங்க. அச்சில் வராத கையெழுத்துப் பிரதியை அனுப்ப வேண்டும். முதல் வருடமே, அந்தக் காலத்தில் பெயர் பெற்ற பத்திரிகையாளரான ஸேஸார் கொன்ஸாலெஸ் ருவானோவும் போட்டியில் இருந்தார். 1945 ஜனவரி 6-ம் தேதி முடிவு வந்தது. விருது, யாருக்கும் தெரியாத 23 வயதுப் பெண்ணுக்கு. பரிசு 5,000 பெசேத்தா. அதே வருடம் புத்தகமாக வந்தது.

அடுத்து நடந்தது பெரிய அலை. நாடு கடந்து வாழ்ந்துகொண்டிருந்த கவிஞர் ஹுவான் ரமோன் ஹிமெனெஸ் பாராட்டிக் கடிதம் எழுதினார். இவருக்கு 1956-ல் நோபல் கிடைத்தது. நாவலின் தலைப்பே அவருடைய ஒரு கவிதையிலிருந்து எடுத்ததுதான். 1947-ல் இயக்குநர் எட்கர் நெவில் படமாக எடுத்தார். போருக்குப் பிறகு ஸ்பானிய நாவலுக்கு மறுபடி உயிர் கொடுத்தவை என்று கமிலோ ஹொஸே ஸேலாவின் 1942 நாவலையும் "நாதா"வையும் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

ஆந்திரேயா இன்னொரு கதவையும் திறந்தாள். நல்ல பெண் என்றால் காதல், கல்யாணம் என்று கதை முடிய வேண்டும். இவளோ ஊரைத் தனியாகச் சுற்றுகிறாள், காதலைவிடத் தோழமைக்கு ஏங்குகிறாள், யாருக்கும் அடங்குவதில்லை. பின்னாளில் நாவலாசிரியர் கார்மென் மார்த்தின் கைத்தே இப்படிப்பட்ட கதாநாயகிகளுக்கு "விசித்திரமான பெண்" என்று பெயர் வைத்து, அந்த வரிசையை ஆந்திரேயாவிலிருந்து தொடங்கினார். மார்த்தின் கைத்தேயும் 1957-ல் அதே நதால் விருதை வாங்கியவர். 1959-ல் ஆனா மரியா மாத்துதே வாங்கினார்.

"அடுத்தது எப்போ?"

நான் வேலை செய்யும் துறையில் ஒரு ரிலீஸ் நல்லபடியாகப் போனால் அதைக் கொண்டாட ஒரு சாயங்காலம் கிடைக்கும். மறுநாள் காலை மீட்டிங்கில் "அடுத்தது என்ன?" என்ற கேள்வி வந்துவிடும். லாஃபொரெட்டிடம் அந்தக் கேள்வியை ஒரு நாடே கேட்டது. கூடவே இன்னொரு கேள்வி: "இது உங்க வீட்டுக் கதைதானே?" அரிபாவ் தெரு, தீவிலிருந்து வந்த பெண், பாட்டி வீடு என்று எல்லாம் பொருந்தியது. இல்லை, என் நாவல்கள் சுயசரிதை இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்டவர்கள் குறைவு.

1946-ல் மனுவேல் ஸெரஸாலெஸ் என்ற விமர்சகரை மணந்தார். "நாதா"வின் பிரதியை ஆரம்பத்திலேயே படித்து ஊக்கப்படுத்தியவர் அவர். ஐந்து குழந்தைகள். எழுத்து நின்றுவிடவில்லை. 1952-ல் "தீவும் பேய்களும்", போர்க்காலக் கனாரி தீவில் ஒரு பதின்வயதுப் பெண்ணின் கதை. 1955-ல் "புதிய பெண்". திருமணமான ஒருத்திக்குத் திடீரென்று ஏற்படும் மத அனுபவம் பற்றியது. 1951-ல் லாஃபொரெட்டுக்கே அப்படி ஓர் அனுபவம் வந்தது. விம்பிள்டன் இறுதிப்போட்டியில் தொடர்ந்து மூன்று வருடம் ஆடிய டென்னிஸ் வீராங்கனை லிலி ஆல்வாரெஸின் நட்பு அதற்குப் பின்னணி. அந்த நாவலுக்கு 1956-ல் தேசிய இலக்கிய விருது கிடைத்தது. 1963-ல் "வெயில் தாக்கு". மூன்று பாகமாகத் திட்டமிட்ட வரிசையில் முதலாவது.

இந்த மூன்றையும் "நாதா மாதிரி இல்லையே" என்ற அளவுகோலோடுதான் பலரும் படித்தார்கள்.

இங்கே சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஃபிராங்கோ ஆட்சியில் திருமணமான பெண் கணவரின் அனுமதி இல்லாமல் வேலைக்குச் சேரவோ, வங்கிக் கணக்கு ஆரம்பிக்கவோ, பாஸ்போர்ட் வாங்கவோ முடியாது. 1975-ல்தான் அந்த விதி போனது. விவாகரத்துச் சட்டம் வந்தது 1981-ல். எழுத்தாளர் என்று பெயர் வாங்கிய பெண்ணும் இந்தச் சட்டத்துக்குள்தான் இருந்தார்.

எழுதாத வருடங்களில் எழுதியவை

1965-ல் அமெரிக்க அரசின் அழைப்பில் அங்கே பயணம் போனார். அந்த அனுபவத்தை 1967-ல் பயண நூலாக வெளியிட்டார். அங்கே ரமோன் ஸெந்தேரைச் சந்தித்தார். ஸெந்தேர் பெரிய நாவலாசிரியர். போரில் ஃபிராங்கோ தரப்பு அவருடைய மனைவியைச் சுட்டுக் கொன்றிருந்தது. அதன் பிறகு நாடு கடந்து வாழ்ந்தவர். இருவரும் பத்து ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். எழுது, எழுது என்று அவர் ஊக்குவிக்கிறார். முடியவில்லை என்று இவர் சொல்கிறார். அதைச் சொல்லும் கடிதங்களே அவ்வளவு உயிரோடு இருக்கின்றன. 2003-ல் அவை புத்தகமாக வந்தன. குழந்தைகளுக்கான எழுத்தாளர் எலேனா ஃபொர்த்தூனோடு 1947 முதல் 1952 வரை எழுதிக்கொண்ட கடிதங்கள் 2017-ல் வந்தன.

1970-ல் கணவரைப் பிரிந்தார். பிரியும்போது, சேர்ந்து வாழ்ந்த 24 வருடங்களைப் பற்றி எழுத மாட்டேன் என்று அவர் எழுத்துபூர்வமாக உறுதி கொடுத்ததாக வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. நின்று யோசிச்சுப் பாருங்க. அவருக்கு வயது 49-ஐ நெருங்குகிறது. வளர்ந்த வயது முழுக்க அந்த 24 வருடத்துக்குள் இருக்கிறது. பார்த்ததிலிருந்து எழுதும் ஒருவருக்கு அந்தக் கதவு பூட்டப்பட்டால் மிச்சம் என்ன இருக்கும்? இதுவே ஒரே காரணம் என்று நான் சொல்லவில்லை. எழுதியதில் திருப்தியே வராத சுபாவம், பெயரும் புகழும் வேண்டாம் என்று ஓடும் மனசு, பணக்கஷ்டம், எல்லாம் சேர்ந்திருக்கின்றன. ஆனால் "சரக்கு தீர்ந்துவிட்டது" என்ற பதிலில் இது எதுவுமே இடம்பெறுவதில்லை.

பிரிந்த பிறகு ஒரு இடத்தில் தங்கவில்லை. ரோம் நகரில் சில வருடங்கள் இருந்தார். மூவரிசையின் இரண்டாம் பாகத்தை எழுதி முடித்தார். பதிப்பகத்திலிருந்து அச்சுப்படி திருத்த வந்தது. அவர் திருத்தித் திருப்பி அனுப்பவில்லை. முடித்த வேலையை விட முடியாமல் வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பாகம் வெளிவரவே இல்லை.

கடைசி வருடங்களில் நோய் அவருடைய நினைவையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. அம்மா பேசாமல் போன அந்தக் காலத்தைப் பற்றி மகள் கிறிஸ்தினா ஸெரஸாலெஸ் 2009-ல் "வெள்ளை இசை" என்று ஒரு புத்தகம் எழுதினார். லாஃபொரெட் 2004 பிப்ரவரி 28-ம் தேதி மாட்ரிட் அருகே காலமானார். அதே ஆண்டு, திரும்பி வராத அச்சுப்படியின் நாவல் "தெருமுனை திரும்பும்போது" வெளியானது.

2010-ல் ஆனா கபாயேயும் இஸ்ரயேல் ரோலோனும் எழுதிய அவருடைய விரிவான வாழ்க்கை வரலாறு வந்தது. அதன் தலைப்பில் அவரை "தப்பியோடும் பெண்" என்று குறிப்பிடுகிறார்கள். எதிலிருந்து என்று கேட்டால் எனக்குத் தோன்றும் பதில்: 23 வயதில் தன் மேல் ஒட்டிய பெயர்ப் பலகையிலிருந்து.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்

இருபதுகளில் இருக்கும் நம்மில் பலருக்கு, ஒருவரின் மதிப்பை எண்ணிக்கையில் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. எத்தனை புத்தகம், எத்தனை வீடியோ, எவ்வளவு இடைவெளி. அந்தக் கணக்குப்படி லாஃபொரெட் தோற்றவர். 1940-களின் பார்சிலோனாவில் ஒரு பெண் எவ்வளவு பசியோடு நடந்தாள் என்பதை இன்றைக்கும் அவர் எழுத்தில்தான் தெரிந்துகொள்கிறோம். எந்தக் கணக்கை எடுத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு: "நாதா"வை ஈடித் கிராஸ்மன் 2007-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார், யோசாவின் முன்னுரையோடு. நான் படித்தது அதைத்தான். சின்ன நாவல், ஒரு வார இறுதி போதும். முதல் அத்தியாயத்தில் வீடு ரொம்ப இருட்டாக, கொஞ்சம் பேய்க்கதை போலத் தோன்றும். தாங்கிக்கொண்டு ஏனா வரும் வரை போங்கள். அதுக்கப்புறம் கீழே வைக்க மாட்டீங்க.

படிச்சிட்டு, குளோரியாவைப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு எழுதுங்க. முதல் பக்கங்களில் எரிச்சலூட்டுகிறவள், போகப்போக அந்த வீட்டிலேயே தெளிவானவளாகத் தெரிகிறாளா இல்லையா? எனக்கு அப்படித்தான் பட்டது. அடுத்த எபிசோட்ல ஆனா மரியா மாத்துதே.